எதிர்ப்பக்கம்

பேருந்து சிவப்பு விளக்கை நெருங்குகிறது. ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் பிரேக் அக்காவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. வண்டி நிற்கிறது. அக்கா காலை எடுக்கிறார். தான் அழுத்தியதால்தான் வண்டி நின்றது என்ற நிம்மதி அவர் முகத்தில் வந்து போகிறது. மேலே உள்ள கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்ட ஓட்டுநர் திரும்பாமலே சொல்கிறார்:

"அக்கா, இந்த வண்டில பிரேக்கு எங்கிட்டதான் இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா உனக்கென்ன நஷ்டம்?"

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சி வண்டிகளில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. பாதி வாழ்நாளை அந்தப் பக்கத்திலேயே கழித்துவிட்டதால் அந்தக் காலுக்குத் தனியாக ஒரு புத்தி வளர்ந்துவிட்டது. பல் மருத்துவரின் நாற்காலியில் அது அழுத்தும். தொலைக்காட்சியில் யாராவது யாரையாவது துரத்தினால் அழுத்தும். வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் குரலை உயர்த்தினால் அப்போதும் அழுத்தும். "என் ஒடம்புல ஒழுங்கா வேலை பாக்கறது இந்தக் கால் ஒண்ணுதான். கடவுள் வாய்க்குத்தான் பிரேக்கு வைக்க மறந்துட்டாரு" என்பார். அந்தக் குறையால் அவருக்கு வந்த வினை ஒன்று உண்டு. அதை அவரே எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஆள் குள்ளம். முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு தலையணையை எப்போதும் கையோடு கொண்டுபோவார். அதைப் பார்த்து, அக்கா எங்கே போனாலும் தூங்கப் போவதாக நினைத்தவர்கள் உண்டு. பாடம் நடத்தும்போது கத்த மாட்டார். "கிளட்ச்ச மிதிக்காதீங்க, கெஞ்சுங்க. கெஞ்சினாத்தான் வழிக்கு வரும். உங்க வீட்டுல நீங்க கெஞ்சினதே இல்லயா?" என்று கற்க வந்த வங்கி மேலாளரைக் கேட்பார். மேலாளர் சிரித்துவிடுவார், கால் இளகிவிடும், வண்டி திக்காமல் நகரும். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். ஆனால் அக்காவுக்குச் சொந்தமாகக் கார் இல்லை. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேருந்துதான். ஏன் என்று கேட்டால், "ரோட்டுல யாரு ஓட்டறாங்கன்னு எனக்குத் தெரியுமே. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுங்க" என்பார்.

அவர் வேலை பார்க்கும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அவருடைய அண்ணனுடையது. கட்டடமும் அண்ணனுடையதே. கீழே பள்ளி, மாடியில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். வாசலில், சாலையோரமாக, பயிற்சி வண்டிகள் மூக்கும் வாலும் ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும். பிரதான சாலை என்பதால் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகும். பள்ளியின் வண்டிகள் ஓரத்தை அடைத்துக்கொள்வதால் பேருந்து நடுச்சாலையிலேயே நிற்கும். இறங்குகிறவர்கள் இரண்டு பயிற்சி வண்டிகளுக்கு இடையே வயிற்றை எக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்து சேருவார்கள். அக்காவும் தினமும் அப்படித்தான் வந்து சேருவார், தலையணையை முதலில் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறைகளில், எண்ணெய்க் கையோடு வாழ்ந்தவர். லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் என்று அவரை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஒரு நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போடக் கையைத் தூக்கியபோது கை வரவில்லை. பக்கவாதம். உயிர் தப்பினார். ஆனால் இடது கால் இழுத்துக்கொண்டது. பேச்சு, சொல் சொல்லாக, நடுவில் இடைவெளி விட்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கப் பழகிக்கொண்டார். கீழே வந்து வாசலில் நின்றால் சாலைக்கு அந்தப் பக்கம் பூங்கா. அங்கே ஒரு மேசையில் தினமும் சதுரங்கம் நடக்கும். ஆட்டக்காரர்கள் அவருக்காக ஓர் இடம் காலியாகவே வைத்திருந்தார்கள். ஆனால் சாலையைத் தாண்ட வேண்டுமே.

ஒரு முறை அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தார். பாதிச் சாலையில் அவர் கால் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் உறுமின. அக்கா தலையணையைக் கேடயம்போல் நீட்டிக்கொண்டு நின்றார். எப்படித் திரும்பி வந்தார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை. அன்றிலிருந்து ஒரு புது ஏற்பாடு. வகுப்புகளுக்கு இடையே நேரம் கிடைத்தால் அக்கா பயிற்சி வண்டியில் அவரை ஏற்றி, சாலைக் கோடியில் உள்ள ரவுண்டானா வரை ஓட்டிப்போய்ச் சுற்றி, எதிர்ப்பக்கமாக வந்து, பூங்கா வாசலில் இறக்கிவிடுவார். ஆட்டம் முடிந்ததும் அதேபோல் மறு கோடியில் உள்ள ரவுண்டானா வரை போய்ச் சுற்றித் திரும்புவார். "எதிர்வீட்டுக்குக் கார்ல போற பெரிய மனுசங்க நாங்க. மகாராஜா குடும்பம்கூட இப்படிச் செலவு பண்ணிருக்காது" என்று சொல்லிக்கொள்வார். அவர் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்காரரும் சிரிப்பார், ஒரு பக்க உதட்டால்.

ஒரு மாலை மழை வந்தது. சதுரங்கக்காரர்கள் முதல் தூறலிலேயே காய்களை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டார்கள். வீட்டுக்காரர் தன் வண்டிக்காகக் காத்திருந்தார். வண்டியோ ரவுண்டானாவில் இருந்தது. அன்று ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு மருத்துவமனைத் தாதி. உள்ளே நுழைந்துவிட்டாரே தவிர, வெளியேறத் துணிவு வரவில்லை. சுற்றினார், சுற்றினார், அழுதுகொண்டே சுற்றினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்ல, பெட்ரோல் தீர்ந்தா தானா நிக்கும்" என்று தேற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் பூங்கா வாசலுக்கு வந்தபோது வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். எதிரே அவர்கள் வீட்டு மாடியில் காயப்போட்ட துணிகளும் நனைந்துகொண்டிருந்தன. அவர் அதைக் காட்டினார்.

"துணி... நனையுது. நானும் நனையறேன். ரெண்டையும் எடுக்க... ஆள் வரல."

அக்கா இதையும் கதையாக்கிவிட்டார். தாதி அழுததை நடித்துக் காட்டுவார். கணவர் நனைந்ததை நடித்துக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்.

இந்த நிலையில்தான் மாநகராட்சி அந்தச் சாலையைச் சீரமைக்கப் போவதாக அறிவித்தது. பேருந்துக்குத் தனித்தடம், நடப்பவர்களுக்கு அகலமான நடைபாதை, அவர்கள் சாலையைத் தாண்டப் பூங்காவுக்கு எதிரே மேடாக எழுப்பிய ஒரு கடவை. கடவை வருகிற இடம் மிகச் சரியாகப் பள்ளியின் வாசல். அங்கே இனிமேல் எந்த வண்டியும் நிறுத்தக் கூடாது. மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம், அரசுப் பள்ளிக்கூட மண்டபத்தில்.

அண்ணன் அறிவிப்பைப் படித்துவிட்டு வேர்த்துப்போனார். வாசலில் நிற்கும் வண்டிகள்தான் பள்ளியின் விளம்பரம். அவற்றைப் பார்த்துத்தான் ஆட்கள் உள்ளே வருகிறார்கள். "நம்ம வயித்துல மண்ணு விழப்போகுது. நீ போய்ப் பேசு" என்றார் தங்கையிடம்.

"நான் என்னண்ணே பேசறது?"

"வாய் இருக்குல்ல? வேற என்ன வேணும்? எனக்கு மைக்கைப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கும். உனக்கு அந்த நோயே கெடயாது."

வேலை கொடுத்த அண்ணன். வீடு கொடுத்த அண்ணன். வீட்டுக்காரர் மருத்துவமனையில் கிடந்தபோது நாற்காலியிலேயே உட்கார்ந்து விடிய விடியக் கண்விழித்த அண்ணன். அக்கா போனார். வீட்டுக்காரரைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் அவரையும் அழைத்துப்போனார்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. சுவரில் சாலையின் பெரிய வரைபடம். பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு, பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார்கள். அக்கா கையில் வந்த சிவப்பையெல்லாம் பள்ளி வாசலில் ஒட்டினார். ஒன்று கைவிரலை விட்டு வராமல் அடம்பிடித்தது. உதறியதில் அது பறந்துபோய் அவர் நெற்றியோரம் ஒட்டிக்கொண்டது. அதை யாரும் சொல்லவில்லை. பிடிக்காத இடமாகத் தன்னையே அடையாளம் காட்டிக்கொண்டு அவர் அன்று முழுக்க நடமாடினார்.

கூட்டத்தை நடத்தியவர் மாநகராட்சியின் இளம் பொறியாளர், மெல்லிய குரல் கொண்ட பெண். திட்டத்தை விளக்கி முடித்தார். கைதட்டல் தூறலாய் விழுந்து நின்றது. பிறகு ஒலிவாங்கி அக்கா கைக்கு வந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்த தாள் பையில் இருந்தது, படிக்கும் கண்ணாடி வீட்டில் இருந்தது. அக்கா சொந்தமாகவே பேசினார்.

"பஸ்ஸுக்கு ஒரு பாதை. நடக்கறவங்களுக்கு ஒரு பாதை. நடுவுல செடிக்கு ஒரு எடம். எல்லாம் சரிம்மா, கார் எங்க போகும்? வானத்துலயா?"

சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அக்காவுக்குப் பெட்ரோல் மாதிரி.

"நானும் பஸ்லதான் போறேன். நானும் நடக்கறேன். இத்தன வருசமா இந்த ரோட்டுல எல்லாரும் போயிட்டு வந்துட்டுத்தானே இருக்கோம்? ரோட்டக் கடக்கத் தெரியாத நாலு பேருக்காக ரோட்டையே மாத்துவீங்களா?"

மண்டபம் அதிர்ந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அண்ணன் முதல் வரிசையில் கண்ணீர் வரச் சிரித்தார். அக்காவுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மண்டபமே கைதட்டியது. தரையில் கால் பாவவில்லை. அந்த மயக்கத்தில் அவர் கடைசி வரிசையைக் கவனிக்கவில்லை. அங்கே ஒரு கை உயர்ந்திருந்தது.

ஒலிவாங்கி கடைசி வரிசைக்குப் போனது. வீட்டுக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து முடிக்கவே நேரமாயிற்று. மண்டபம் பொறுத்திருந்தது.

"அந்த... நாலு பேர்ல," என்றார், "நான் ஒருத்தன்."

கடைசி வரிசைப் பக்கம் தலைகள் திரும்பின.

"முன்னாடி லிஃப்ட் வேலை. ஆளுங்கள மேல... கீழ... ஏத்தி எறக்கினவன். இப்போ குறுக்க போக முடியல. எதிர்ல பூங்கா. போகணும். தனியா... போகணும்."

இளம் பொறியாளர் மென்மையாகக் கேட்டார்: "நீங்க எந்தப் பக்கம் ஐயா, வீடு எங்க?"

அவர் மேடைப் பக்கம் கையைக் காட்டினார். "இப்ப பேசினாங்கள்ல. அவங்க... வீட்டுக்காரர்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அக்காவுக்குக் கிடைத்த கைதட்டலைவிடப் பெரிய சிரிப்பு. கேலிச் சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்பு. அக்கா நின்ற இடத்தில் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நிற்க வேண்டியது எதுவும் நிற்கவில்லை.

இருவரும் மாடிப்படி ஏறினார்கள். கதவைச் சாத்தியதும் அக்கா வெடித்தார். "சபையில என் மானத்த வாங்கிட்டீங்களே! வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி வச்சு வளத்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"டாக்டர்தான... சொன்னாரு. நெறைய பேசணும்னு."

"அதுக்கு இன்னிக்குத்தான் நேரம் பாத்தீங்களா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "உங்கிட்ட சொன்னா... நீ கார எடுத்துட்டு வந்துடுவ."

முகம் கழுவப் போன அக்கா கண்ணாடியில் நெற்றியோரத்துச் சிவப்புப் பொட்டைப் பார்த்தார். "இதயாவது யாராவது சொல்லிருக்கலாம்" என்றார் கண்ணாடியிடம்.

அடுத்த வாரம் இளம் பொறியாளர் சாலைக்கே வந்தார். யார் வேண்டுமானாலும் கூட நடந்து, குறைகளைக் காட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா போனது பள்ளியின் பக்கம் பேசத்தான். குறைந்தபட்சம் அண்ணனிடம் அப்படித்தான் சொன்னார். வீட்டுக்காரர் கைத்தடியோடு முன்னாலேயே போய் நின்றிருந்தார்.

"கடவை வரப்போற எடம் இது. நீங்க எப்பவும் கடக்கற மாதிரி ஒரு தடவ கடந்து காட்டறீங்களா?" என்று கேட்டார் பொறியாளர்.

"இதென்ன பெரிய வித்தை" என்று அக்கா கணவரின் கையைப் பற்றினார். வாசலில் நின்ற பயிற்சி வண்டிகளுக்கு இடையே இருவரும் நுழைந்தார்கள். வண்டியின் முகப்பைத் தாண்டித் தலையை நீட்டினால்தான் சாலை தெரிந்தது. குள்ளமான அக்காவுக்கு அதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் பள்ளியின் பெயரும் 'பாதுகாப்பே எங்கள் பாடம்' என்ற எழுத்துகளும்தான். அவர் ஓர் அடி வெளியே வைத்தார். ஒரு கார் விர்ரென்று போனது. இன்னொன்று. அக்கா கையை உயர்த்தினார். மூன்றாவதாக வந்த கார் வேகம் குறைத்தது. "பாத்தீங்களா, நிக்கறாங்க" என்று அக்கா பொறியாளர் பக்கம் திரும்பினார். கார் நிற்கவில்லை. பக்கத்தில் வந்ததும் கண்ணாடி இறங்கியது. உள்ளே வங்கி மேலாளர்.

"மேடம், வணக்கம்! நல்லா இருக்கீங்களா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் போய்விட்டார்.

பின்னால் வந்த வண்டிகள் அந்தத் தாமதத்துக்கும் சேர்த்து விரைந்தன. வீட்டுக்காரரின் கை அக்காவின் பிடிக்குள் நடுங்கியது. சிரிப்பால் நடுங்கியது என்பது திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"நல்லா... சொல்லிக் குடுத்திருக்க. கிளட்ச்ச... கெஞ்சினான் பாரு."

அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கணவரோடு நடைபாதைக்குத் திரும்பி, பயிற்சி வண்டியின் மீது சாய்ந்து நின்றார். பொறியாளர் தண்ணீர் புட்டியை நீட்டினார். அக்கா வாங்கிக் குடித்தார். "ஏம்மா, அடுத்த கூட்டம் எப்போ?" என்று கேட்டார்.

அண்ணனிடம் அன்று மதியமே சொல்லிவிட்டார். முதுகுக்குப் பின்னால் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. வண்டியைப் பின்னால் எடுப்பதைத் தவிர.

"அண்ணே, நான் பேசினதத் திரும்ப வாங்கிக்கப் போறேன்."

அண்ணன் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். "உனக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? ஊரே தட்டுச்சே!"

"ஊரு தட்டுச்சு. எங்க வீட்டுல இருக்கறவரு தட்டல."

"மாப்பிள்ளைய நான் தூக்கிட்டுக்கூடப் போறேன்மா. தினம் ஆள் போட்டு அழைச்சுட்டுப் போகச் சொல்றேன். அதுக்காகத் தொழிலுக்கே வேட்டு வைக்கணுமா?"

"தூக்கிட்டுப் போக ஆள் வேணாம்ணே. அவருக்கு அதுதான் வேணாம்."

அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதால்தான் அக்காவுக்கு அதிகமாக வலித்தது.

இரண்டாவது கூட்டத்தில் அக்கா ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். கடைக்காரர்கள் மறுபடி தட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

"போன தடவ நான் கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்," என்றார் அக்கா. "இப்ப ரிவர்ஸ் எடுக்கறேன். பின்னாடி யாரும் நிக்காதீங்க."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "ரோட்டக் கடக்கத் தெரியாதவங்கன்னு சொன்னேன். அந்த லிஸ்ட்ல இப்போ என் பேரும் இருக்கு. வண்டி எப்படி நிப்பாட்டறதுன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவ நான். ஆளப் பாத்தா நிப்பாட்டணும்னு அழுத்திச் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அடுத்து எங்க அண்ணன் பேசுவாரு. மைக்கைப் பாத்தா அவருக்கு நாக்கு ஒட்டிக்கும், பொறுமையாக் கேளுங்க. அவரு சொல்றதும் நெசம்தான், எங்க பொழப்பு அந்த வாசல்லதான் இருக்கு. வண்டிய நிறுத்த வேற எடம் குடுங்க. ஆனா கடவைய எடுத்துடாதீங்க."

யாரும் எழுந்து நின்று தட்டவில்லை. கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துணிக்கடைக்காரர் மட்டும், "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னது அக்கா காதில் விழுந்தது. "தவளைக்கு வாய்தானே இருக்கு, வேற என்ன இருக்கு" என்று அக்கா ஒலிவாங்கியிலேயே பதில் சொல்லிவிட்டு இறங்கினார்.

திட்டம் சோதனை முயற்சியாக வந்தது. அறிவித்ததில் பாதிதான் வந்தது. பேருந்துத் தடம் சந்தைவரை போய் அங்கே நின்றுவிட்டது, மறந்துபோன பாட்டு மாதிரி. நட்ட செடிகளில் பல வாடின. பயிற்சி வண்டிகளுக்குச் சந்தைக்குப் பின்னால் இருந்த மூடிய கிடங்கின் முற்றத்தில் இடம் கிடைத்தது. அக்கா தினமும் தலையணையைத் தூக்கிக்கொண்டு அதுவரை நடக்க வேண்டும். "எனக்கு நானே வச்சுக்கிட்ட சூனியம். மூச்சு வாங்குது, இடுப்பு வலிக்குது, ஆனா யாரப் போய்த் திட்டறது?" என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே நடப்பார். அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "கிளட்ச் போன வண்டிய எடுத்துட்டுப் போறவங்க எடுத்துட்டுப் போகலாம்" என்று சுவருக்குச் சொன்னால், அந்த வண்டி அன்று தங்கைக்கு என்று பொருள். அக்கா சுவருக்கே நன்றி சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்வார்.

கடவை தயாரான காலையில் வீட்டுக்காரர் வெள்ளையாகச் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டார். பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். அக்காவும் செருப்பை மாட்டினார்.

"நீ... வராத."

"வரல. வாசல்வரைக்கும்."

வாசலில் இப்போது வண்டிகள் இல்லை. சாலை இரண்டு பக்கமும் வெகுதூரம் தெரிந்தது. அண்ணன் பள்ளிக் கதவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "கைத்தடி எடுத்துக்கிட்டாரான்னு கேக்கறவங்க கேக்கலாம்" என்றார், எதிரே சுவர் இல்லாததால் வானத்தைப் பார்த்து.

"எடுத்துக்கிட்டாருன்னு சொல்லுங்க" என்றார் அக்கா, அவரும் வானத்திடம்.

வீட்டுக்காரர் கடவையின் விளிம்பில் நின்றார். ஒரு கார் வந்தது, மேட்டில் ஏறிக் குலுங்கி, போயே விட்டது. அக்கா இரண்டு அடியில் ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடலாம். பிடிக்கவில்லை. பின்னாலேயே தன் தடத்தில் ஒரு பேருந்து வந்தது. வேகம் தணிந்தது. நின்றது. அதைப் பார்த்து அடுத்த தடத்துக் காரும் நின்றது.

அவர் முதலில் கைத்தடியை வைத்தார். பிறகு வலது கால். பிறகு இடது காலை இழுத்துக்கொண்டார். மறுபடியும் கைத்தடி. பேருந்தின் உள்ளே சிலர் ஜன்னலோரம் எட்டிப் பார்த்தார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பாதிச் சாலையில், முன்பு கால் நின்றுபோன இடத்தில், அவர் வேண்டுமென்றே நின்றார். ஒரு பக்கமும் பார்த்தார், மறு பக்கமும் பார்த்தார், ஏதோ ஒரு மாடியின் மோட்டார் அறையிலிருந்து ஊரைப் பார்ப்பவர்போல. பிறகு மறுபடி நடந்தார்.

எதிர்ப்பக்க நடைபாதையில் அவர் ஏறியதும் அக்கா கையை உயர்த்தினார். அவர் திரும்பிப் பார்த்தால் தெரியட்டும் என்று நன்றாகவே உயர்த்தினார். சதுரங்க மேசையில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடுவது தெரிந்தது. வீட்டுக்காரர் திரும்பவில்லை. பூங்காவுக்குள், மரங்களுக்கு இடையே, நேராகப் போய்விட்டார்.

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. பள்ளிக் கதவிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையை இறக்காமல், முகத்தை மட்டும் மெல்லப் பேருந்துப் பக்கம் திருப்பி, அதற்காகவே உயர்த்தியவர்போல, முன்பின் தெரியாத அந்த ஓட்டுநருக்கு ஒரு சலாம் வைத்தார்.